கலாபகஸ் சின்னக் கப்பல் பயணம்: கரையில் இறங்கினால் ஒரு நாள் எப்படிப் போகும்? வயதான பெற்றோரைக் கூட்டிப் போகலாமா?

வைகைக்கரை (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருஷம் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து எங்களோட தங்க வர்றாங்க. அப்பா மேல்நிலைப் பள்ளியில விலங்கியல் ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். டார்வினையும் ஃபின்ச் பறவைகளோட அலகையும் கரும்பலகையில வரைஞ்சு வரைஞ்சே எத்தனையோ பிள்ளைகளை உருவாக்கினவர். அவரை ஈக்வடார் நாட்டோட கலாபகஸ் தீவுகளுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

16 பேர் போற சின்னக் கப்பல்களைப் பத்தி நிறையப் படிச்சிட்டேன். எல்லா விளம்பரத்துலயும் காலையில ஒரு இடம், மத்தியானம் ஒரு இடம்னு போட்டிருக்கு. ஆனா கரையில கால் வச்ச பிறகு என்ன நடக்குதுன்னு யாருமே எழுதல. எவ்வளவு நடக்கணும், எங்க உட்காரலாம், பாத்ரூம் இருக்குமா, படகிலிருந்து எப்படி இறங்கறது? அம்மாவுக்கு 64 வயசு. படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கும், சமதரையில நல்லா நடப்பாங்க. சுத்த சைவம். போய்ட்டு வந்தவங்க ஒரே ஒரு நாளைக் கொஞ்சம் விரிவா எழுதினா பெரிய உதவியா இருக்கும்.

---

நீர்க்காகம்

நல்ல கேள்வி. எஸ்பானியோலா தீவில் கழிந்த ஒரு நாளைச் சொல்கிறேன். கலாபகஸ் கூட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் தீவு அது. ஆள் குடியிருப்பு கிடையாது.

கப்பல் இரவு முழுக்க ஓடி, விடிவதற்கு முன்பே நங்கூரம் போட்டுவிடும். ஆறரைக்கு மணி அடிப்பார்கள். சாப்பிட்டு முடித்து எட்டு மணிக்குள் லைஃப் ஜாக்கெட்டோடு கப்பலின் பின்தட்டில் நிற்க வேண்டும். கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகை அங்கே ‘பாங்கா’ என்பார்கள். ஒரு படகில் எட்டு பேர். ஏறும்போதும் இறங்கும்போதும் விரலை விரலோடு கோத்துப் பிடிக்கக் கூடாது. படகோட்டி உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்கள் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். கை நனைந்து வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. அலை ஏறி இறங்கும். அவர் ‘இப்போ’ என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிப் பழக்கிவிடுங்கள், பாதி பயம் போய்விடும்.

இறக்கம் இரண்டு வகை. ட்ரை லேண்டிங் என்றால் பாறையிலோ சின்ன மேடையிலோ நேராகக் கால் வைப்பது. வெட் லேண்டிங் என்றால் முழங்கால் அளவு தண்ணீரில் குதித்து மணலுக்கு நடப்பது. பெயரைப் பார்த்து ஈரம்தான் கஷ்டம் என்று நினைக்கத் தோன்றும். முழங்கால் வலிக்காரர்களுக்கு நேர் எதிர். வெட் லேண்டிங்கில் படகின் விளிம்பில் உட்கார்ந்து, திரும்பி, மெல்ல இறங்கலாம், கீழே மணல். ட்ரை லேண்டிங்கில்தான் வழுக்குப் பாறை.

காலையில் இறங்குவது புன்டா சுவாரெஸ் முனை. இறங்கும் மேடையிலேயே கடல் சிங்கங்கள் படுத்திருக்கும். வழிகாட்டி கைதட்டிக் கொஞ்சம் விலகச் சொல்வார், அவற்றுக்கு மனம் இருந்தால் விலகும். அதைத் தாண்டினால் கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வெயில் காயும். மற்ற தீவுகளில் அவை கன்னங்கரேல் என்று இருக்கும். இங்கே உடம்பில் சிவப்பு ஓடும், இனப்பெருக்கக் காலத்தில் பச்சையும் சேரும். கடல்பாசி தின்பதால் உள்ளே போகும் உப்பை மூக்கு வழியாகப் பீய்ச்சும். ஒரு கூட்டத்தின் பக்கத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் ‘ஃபிச்’, ‘ஃபிச்’ என்று நாலா பக்கமும் சத்தம் கேட்கும். காய்ந்த உப்பு தலையில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் தெரியும்.

பாதை மொத்தம் 3 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் உருண்டைப் பாறைகள்மேல் நடை, அதனால் இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். நிழல் கிடையாது. பாத்ரூம் கிடையாது. தண்ணீரைத் தவிர தின்பண்டம் எதுவும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. பாதையை விட்டு இறங்கக் கூடாது, விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஃபிளாஷ் போடக் கூடாது. பறவைக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. நீலக்கால் பூபி நடைபாதையின் நட்டநடுவில் முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும், நாம்தான் சுற்றிப் போக வேண்டும்.

பாதையின் கடைசியில் செங்குத்துப் பாறை. அங்கேதான் அலை அல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவை. சிறகை விரித்தால் இரண்டே கால் மீட்டருக்கு மேல் வரும். உலகில் இந்த இனம் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு தீவில்தான் குஞ்சு பொரிக்கிறது. ஜோடிகள் எதிரெதிரே நின்று மஞ்சள் அலகால் கத்திச்சண்டை போல மோதும். பிறகு வாயை அகலத் திறந்து, வானத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுக்கும். கனமான பறவை என்பதால் சமதரையிலிருந்து எழும்பச் சிரமப்படும். விளிம்புவரை தள்ளாடி நடந்து வந்து, காற்றில் விழும். விழுந்த மறுகணம் அது வேறு பறவை. அதே இடத்திற்குக் கீழே அலை பாறை வெடிப்புக்குள் புகுந்து 20 மீட்டருக்கு மேல் பீறிட்டு அடிக்கும்.

பதினொரு மணிவாக்கில் கப்பலுக்குத் திரும்புவோம். ஏறியதும் முதல் வேலை, மாலுமிகள் குழாய் வைத்து நம் செருப்பையும் காலையும் கழுவிவிடுவார்கள். ஒரு தீவின் மண்ணும் விதையும் அடுத்த தீவுக்குப் போகக் கூடாது என்பதற்காக. சாப்பாட்டு நேரத்தில் கப்பல் கார்ட்னர் விரிகுடாவுக்கு நகரும். அது வெட் லேண்டிங், மாவு போன்ற வெள்ளை மணல். ஸ்நார்கல் (மூச்சுக்குழாய் வைத்து நீந்துவது) செய்கிறவர்கள் பக்கத்துப் பாறைத்திட்டுக்குப் போவார்கள், மற்றவர்கள் மணலில் காலாற நடக்கலாம், உட்காரலாம். உங்கள் அம்மாவுக்கு இதுதான் இடம். மாலை ஆறு மணிக்குள் எல்லாரும் கரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், தீவுகளை நிர்வகிக்கும் தேசியப் பூங்காவின் விதி. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வழிகாட்டி பலகையில் மறுநாள் திட்டத்தை எழுதுவார். எந்த இறக்கம், எவ்வளவு தூரம், எந்தச் செருப்பு என்று. அந்தப் பலகையைக் கவனமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

---

கொங்குநாடன்

நீர்க்காகம் அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணுங்க. கப்பல்ல போனாத்தான் கலாபகஸ்ங்கறது சரியில்லை. நாங்க சாந்தா குரூஸ் தீவுல புவெர்த்தோ அயோரா ஊர்லயே தங்கி, தினமும் படகுல போயிட்டு வந்தோம். வடக்கு செய்மூர், பார்த்தலோமே, தெற்கு பிளாசா எல்லாம் பாத்தாச்சு. சாயங்காலம் ஊருக்குத் திரும்பி, மீன் சந்தையில கடல் சிங்கமும் பெலிகனும் வரிசையில நிக்கறதைப் பாக்கலாம். செலவு பாதிகூட ஆகலை. வயசானவங்களுக்கு ராத்திரி ஆடாத கட்டில் வேணுமுங்க. உடம்பு சரியில்லைன்னா அன்னிக்கு அறையிலயே இருந்துக்கலாம். கப்பல்னா முன்பணம் கட்டியாச்சு, மாட்டிக்கிட்டோம்.

இன்னொண்ணு, ஆமை பாக்கறதுக்குக் கப்பலே வேண்டாம். சாந்தா குரூஸ் மேட்டுப் பகுதியில பெரிய ஆமைங்க புல் மேயறதைப் பக்கத்துல நின்னு பாக்கலாம்.

---

நீர்க்காகம்

@கொங்குநாடன், ஆமை விஷயம் முழுக்க உண்மை. செலவும் உண்மை. கிறிஸ்தோபல் தீவில் தங்கினால் எஸ்பானியோலாவுக்கே ஒரு நாள் படகு உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேகப் படகில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எதிர்க்காற்றில் திரும்பும்போது முதுகெலும்பு வரை அடிக்கும். வயதானவர்களை அதில் உட்கார வைக்க நான் யோசிப்பேன். கப்பலில் அந்தத் தூரத்தைத் தூங்கிக்கொண்டே கடக்கிறோம். வெயில் ஏறும் முன் இறங்கி, பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் நடக்கிறோம். நான் கப்பலுக்குக் கொடுக்கும் காசு அந்த அதிகாலை நேரத்துக்குத்தான்.

ஃபெர்னாந்தினா, ஹெனோவேசா போன்ற தூரத் தீவுகளில் கரையிறங்க வேண்டுமானால் நடைமுறையில் கப்பல்தான் வழி.

---

பனங்கூடல்

நாங்கள் ரொறன்ரோவில இருந்து குடும்பமாப் போனனாங்கள். கொங்குநாடன் அண்ணை சொல்லுறதில நியாயம் இருக்கு. ஆனா எங்கட மாமாவுக்கு 70 தாண்டீட்டுது, அவர் கப்பலைத்தான் விரும்பினவர். தினமும் பெட்டி கட்டத் தேவையில்லை, ரக்சி பிடிக்கத் தேவையில்லை, சாப்பாடு நேரத்துக்கு மேசைக்கு வரும்.

சைவச் சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தியள். பதியேக்கயே எழுத்தில குடுங்கோ. முட்டை, மீன், கோழி சூப்பு மூண்டும் வேண்டாம் எண்டு தனித்தனியா எழுதுங்கோ. ‘இறைச்சி இல்லை’ எண்டு மட்டும் சொன்னா மீன் வரும். எங்களுக்குச் சோறும் பருப்பு, அவரையில செய்யிற மெனெஸ்ட்ராவும், பச்சை வாழைக்காயைத் தட்டிப் பொரிக்கிற பத்தகோனும், லோக்ரோ எண்டு உருளைக்கிழங்குச் சூப்பும் கிடைச்சது. சீஸ் போட்டிருக்கும். மாமிக்கு அந்தச் சூப்பு நல்லாப் பிடிச்சிட்டுது.

ஆனா வீட்டுச் சாமான் கொண்டுபோறதில கவனம். தீவுக்குப் பறக்க முன்னம் ஈக்வடோர் பெருநிலத்தில கீத்தோவிலயோ குவயாக்கிலிலயோ பெட்டியைச் சோதிப்பினம். பழம், விதை, செடி ஒண்டும் விடமாட்டினம். மாமி கொண்டுவந்த கடுகையும் வெந்தயத்தையும் எடுத்துப்போட்டினம். அவவுக்குக் கவலைதான். பிறகு வழிகாட்டி தம்பி, வெளியால இருந்து வந்த கொய்யாவும் பிளாக்பெரிப் புதரும் மேட்டுக் காடுகளை எப்பிடி விழுங்கினது எண்டு விளங்கப்படுத்தினவர். அதைக் கேட்டாப் பிறகு மாமி ஒண்டும் சொல்லேல்லை.

ஃபுளோரியானாத் தீவில தபால் பீப்பா ஒண்டு இருக்கு. திமிங்கில வேட்டைக் கப்பல்காரர் காலத்தில தொடங்கின வழக்கம். முத்திரை ஒட்டாமல் அட்டையைப் போட்டிட்டு, அதுக்குள்ள கிடக்கிறதில உங்கட ஊருக்குப் பக்கத்து விலாசம் இருந்தா எடுத்துக்கொண்டு போய்க் கையால குடுக்கவேணும். எங்கட மகள் ஸ்காபரோ விலாசம் ஒண்டைக் கண்டுபிடிச்சு, வந்த கிழமையே போய்க் கதவைத் தட்டிக் குடுத்தவள். அந்த வீட்டு அம்மா அவளைக் கட்டிப்பிடிச்சு உள்ள கூப்பிட்டு இருத்தினவ. சின்னப் பிள்ளையளோட போறவை இதைத் தவறவிடாதேங்கோ.

---

எஞ்சின்_ரூம்

வணிகக் கப்பலில் வேலை பார்ப்பவன். ஆட்டம் பற்றிய பயத்துக்கு என் பங்கு.

கப்பல் எங்கே குறைவாக ஆடும் என்றால் நடுவில், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில். மேல்தளத்து பால்கனி அறைக்கு விலை அதிகம், ஆட்டமும் அதிகம். பெற்றோருக்குக் கீழ்த்தளத்தில் நடு அறையைக் கேளுங்கள். ஆனால் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படி சில சின்னக் கப்பல்களில் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். அம்மாவின் முழங்காலுக்கு அது தினமும் பத்து தடவை சோதனை. அப்படிப் படி இருந்தால் நடுத்தளத்தில் நடு அறை எடுங்கள். பதிவதற்கு முன் அந்தப் படியின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், அறைப் படத்தைவிட அது முக்கியம்.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் பக்கவாட்டில் குறைவாகச் சாயும். ஆனால் எதிர் அலையில் நடுத்தட்டில் தண்ணீர் மோதி ‘டம்’ என்று அடிக்கும், தூக்கம் லேசானவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

காலம் முக்கியம். ஜூன் முதல் நவம்பர் வரை தென்கிழக்குக் காற்று வலுவாக இருக்கும், தெற்கேயிருந்து குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் வரும், தூறலும் மூடுபனியும். செப்டம்பர் சுற்றில் கடல் மிகவும் கொந்தளிக்கும். ஜனவரி முதல் மே வரை கடல் சாந்தம், தண்ணீரும் இளஞ்சூடு. மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

---

பிசியோ_அக்கா

தம்பி, அம்மாவை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது என்றால் தொடையின் முன்தசையைப் பலப்படுத்த நேரம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள இயன்முறை மருத்துவரிடம் இப்போதே காட்டுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஆரம்பித்தால் வலிதான் கூடும்.

நான் போனபோது ஒன்றைக் கவனித்தேன். இங்கே யாரும் அதைப் பேசவில்லை. பூங்கா விதிப்படி 16 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி. அவர் இல்லாமல் யாரும் பாதையில் நிற்கவோ நடக்கவோ கூடாது. அப்படியென்றால் 16 பேர் கப்பலில் ஒரே ஒரு வழிகாட்டிதான். ‘நீங்கள் போய் வாருங்கள், நான் இந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கிறேன்’ என்று அம்மா சொல்ல முடியாது. ஒன்று, மொத்தக் கூட்டத்தோடு கடைசிவரை நடக்க வேண்டும். இல்லையென்றால் அன்று கப்பலிலேயே தங்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி, தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகிறதே என்று இரண்டாம் நாளிலிருந்து இறங்குவதையே நிறுத்திவிட்டார். நடக்க முடியாமல் இல்லை, கூச்சம்தான். எனக்கு அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

அதனால் என் கருத்து, 16 பேர் கப்பல் உங்களுக்கு வேண்டாம். 20 முதல் 40 பேர் போகும் கப்பலைப் பாருங்கள். வழிகாட்டிகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மெதுவாக நடப்பவர்களுக்கு ஒரு குழு, வேகமாக நடப்பவர்களுக்கு ஒரு குழு என்று பிரிப்பார்கள். பல கப்பல்களில் நடைக்குப் பதில் பாங்காவிலேயே கரையோரமாகச் சுற்றிக் காட்டுவார்கள். கலாபகஸில் எந்தப் பயணக் கப்பலிலும் 100 பேருக்கு மேல் அனுமதி இல்லை, அதனால் 40 பேர் என்றாலும் அது சின்னக் கப்பல்தான்.

---

நீர்க்காகம்

பிசியோ அக்கா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். வைகைக்கரை, பதியும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: எத்தனை வழிகாட்டிகள், குழுவை வேகத்தைப் பார்த்துப் பிரிப்பீர்களா? அறையின் அளவு, ஜக்கூசி எல்லாம் அதற்குப் பிறகு. கரையில் ஒவ்வொரு நிமிடமும் வழிகாட்டியின் கையில்தான் இருக்கிறது.

---

கேமராக்காரன்

மெதுக் குழு என்றதும் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. படம் எடுப்பவர்களும் அந்தக் குழுவில்தான் சேர வேண்டும்.

புன்டா சுவாரெஸில் வேகக் குழு அல்பட்ரோஸைப் பார்க்க ஓடிவிட்டது. நாங்கள் பாதை ஓரத்தில் ஒரு நாஸ்கா பூபிக் கூடு முன் நின்றோம். கூடு என்று பெயர்தான், தரையில் எச்சத்தால் போட்ட ஒரு வெள்ளை வட்டம். உள்ளே இரண்டு குஞ்சு. பெரியது தாயின் வயிற்றுக்குக் கீழே. சின்னது வட்டத்தின் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தது. கண் திறக்காதது, வெறும் தோல். கழுத்தைத் தூக்கித் தூக்கி உள்ளே வரப் பார்த்தது. தாய் அதன் தலைக்கு மேலேயே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த ஒரு அம்மா, ‘எடுத்து உள்ளே வையுங்களேன்’ என்று வழிகாட்டியிடம் கெஞ்சினார். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். நாஸ்கா பூபி இரண்டு முட்டை இடும். இரண்டும் பொரிந்தால் மூத்தது இளையதை வெளியே தள்ளிவிடும். முதல் முட்டை கெட்டுப்போனால் தேவைப்படும் என்றுதான் இரண்டாவது. நீலக்கால் பூபியிடம் இந்தக் கட்டாயம் இல்லை, மீன் தாராளமாகக் கிடைக்கும் ஆண்டில் இரண்டு, சில சமயம் மூன்றுகூட வளரும்.

அங்கே நின்ற நேரம் நீண்டது, யாரும் நகரவில்லை. நான் படம் எடுக்கவில்லை. உங்கள் அப்பா அந்த இடத்தில் நின்றால் என்ன சொல்வார் என்று கேட்க ஆசை.

---

கொங்குநாடன்

கேமராக்காரரே, படிக்கவே கஷ்டமா இருக்குங்க. மனுசன் கை வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, மனுசன் கொண்டுவந்து விட்ட ஆடு தின்னு தீத்ததை யாரு சரி பண்றது? அங்கே மட்டும் தலையிடறாங்கல்ல?

---

நீர்க்காகம்

தலையிடுகிறார்கள், தலையிட்டே ஆக வேண்டும். மனிதன் கெடுத்ததை மனிதன்தான் சரிசெய்ய வேண்டும். பூபிக் குஞ்சின் கதை நாம் கெடுத்தது அல்ல. வித்தியாசம் அங்கேதான்.

எஸ்பானியோலாவே இதற்குச் சாட்சி. மாலுமிகள் ஆமைகளை உயிரோடு கப்பலில் அடுக்கிக் கறிக்காகக் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்தவற்றின் உணவை ஆடுகள் தின்றன. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் தேடிப் பார்த்தபோது தீவு முழுக்க மிஞ்சியவை 14 ஆமைகள், 12 பெண், 2 ஆண். அத்தனையையும் சாந்தா குரூஸ் தீவின் இனப்பெருக்க மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். சான் டியேகோ விலங்குக் காட்சி சாலையில் இருந்த டியேகோ என்ற ஆணையும் சேர்த்தார்கள். 1978க்குள் தீவில் ஆடுகளை ஒழித்தார்கள். அந்த 15 ஆமைகளின் வாரிசுகள் ஏறக்குறைய 2,000 தீவுக்குத் திரும்பின. 2020 ஜூனில் டியேகோ உட்பட அந்த 15 முதிய ஆமைகளையும் எஸ்பானியோலாவிலேயே விட்டார்கள். நாம் நடக்கும் பாதையில் அவற்றைப் பார்க்க முடியாது, தீவின் உட்பகுதியில் இருக்கின்றன. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வழி இல்லாமல் வைத்திருப்பது எனக்கு நிம்மதி.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. பின்டா தீவின் கடைசி ஆமை, தனிமை ஜார்ஜ், 2012 ஜூன் 24 அன்று இறந்தது. அதோடு அந்த இனம் முடிந்தது.

---

வைகைக்கரை

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்லை. அப்பாவுக்கு ஃபோன்ல வாசிச்சுக் காட்டினேன். பூபிக் குஞ்சு பகுதியை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ‘இதைப் பாடமா நடத்தியிருக்கேன், ஆனா தாய் கடலைப் பாக்கும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல’ன்னு சொன்னார், கேமராக்காரன் சார்.

இரண்டு வழிகாட்டி இருக்கிற ஒரு கப்பல் கிடைச்சிருக்கு. ரெண்டு வழித்தடம் சொல்றாங்க. மேற்கு: இசபெலா, ஃபெர்னாந்தினா, சாந்தியாகோ, பார்த்தலோமே. தென்கிழக்கு: கிறிஸ்தோபல், எஸ்பானியோலா, ஃபுளோரியானா, சாந்தா குரூஸ். ரெண்டையும் சேர்த்துப் போக பணமும் இல்லை, அம்மாவுக்குத் தெம்பும் இல்லை. எது?

---

எஞ்சின்_ரூம்

ஏன் ஒரே கப்பல் எல்லாத் தீவுக்கும் போவதில்லை என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2012 முதல், ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் இரண்டாம் முறை போகக் கூடாது. எந்தக் கப்பல் எந்த நாள் எங்கே இறங்கும் என்பதைப் பூங்காதான் தீர்மானிக்கிறது. கேப்டனிடம் கேட்டு மாற்ற முடியாது. அதனால் பதியும்போது தேதியை வைத்து வழித்தடத்தைச் சரிபாருங்கள்.

---

கேமராக்காரன்

நான் மேற்குக் கட்சி. ஃபெர்னாந்தினாவில் மனிதன் கொண்டுவந்த பாலூட்டி ஒன்றுகூட இல்லை, எலி உட்பட. புன்டா எஸ்பினோசாவில் கறுப்பு லாவாமேல் நூற்றுக்கணக்கில் இகுவானா. பறக்காத நீர்க்காகம் தண்ணீரிலிருந்து ஏறி, தேய்ந்த குட்டிச் சிறகைப் பழக்கதோஷத்தில் விரித்து வெயிலில் உலர்த்தும். பரிணாமத்தைக் கற்பித்த ஆசிரியருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? இசபெலாவின் உர்பினா விரிகுடாவில் 1954இல் கடலடித் தரை ஒரேயடியாக நாலைந்து மீட்டர் மேலே வந்தது, பவளம் இன்னும் நிலத்தில் நிற்கிறது. மேற்கேயிருந்து வரும் குரோம்வெல் அடிநீரோட்டம் தீவில் மோதிக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருவதால் அந்தப் பக்கம் மீன் வளம் அதிகம். நிலநடுக்கோட்டில் பென்குயின் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

---

நீர்க்காகம்

என் பெயருக்கே காரணமான பறவை மேற்கில்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் அப்பாவுக்குத் தென்கிழக்கைத்தான் சொல்வேன்.

டார்வின் 1835 செப்டம்பரில் முதலில் கால் வைத்தது கிறிஸ்தோபலில். அடுத்தது ஃபுளோரியானா. பிறகு இசபெலாவும் சாந்தியாகோவும். தீவுக்குத் தீவு உயிர்கள் மாறுகின்றன என்று அவருக்கு அங்கேயே முதலில் உறைத்தது ஃபின்ச்சால் அல்ல. மாக்கிங்பேர்ட் என்ற சாம்பல் நிறப் பறவையால். கிறிஸ்தோபலில் பார்த்ததும் ஃபுளோரியானாவில் பார்த்ததும் வேறு வேறாக இருப்பதைக் கவனித்தார். ஃபின்ச்சுகளை எந்தத் தீவில் பிடித்தது என்றுகூட அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. 1837இல் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான், அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய தனித்தனி இனங்கள் என்பது தெரியவந்தது.

தென்கிழக்கு வழியில் உங்கள் அப்பா டார்வின் போன அதே வரிசையில் கிறிஸ்தோபலும் ஃபுளோரியானாவும் பார்க்கலாம். ஃபுளோரியானாவின் மாக்கிங்பேர்ட் இன்று அந்தத் தீவுக்குப் பக்கத்திலுள்ள இரண்டு சின்னத் திட்டுகளில்தான் பிழைத்திருக்கிறது, அதில் ஒன்றான சாம்பியன் திட்டைப் படகிலிருந்தபடி சுற்றிப் பார்ப்பார்கள். எஸ்பானியோலாவில் டார்வின் பார்க்காத இன்னொரு மாக்கிங்பேர்ட் இனம் உண்டு. நல்ல தண்ணீர் இல்லாத தீவு, அதனால் மணலில் வைத்த தண்ணீர் பாட்டிலைக் கொத்திக் கொத்திப் பார்க்கும், கால்மேல் ஏறி நிற்கும். கொடுக்கக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். மற்ற தீவு மாக்கிங்பேர்டைவிட அதன் அலகு நீண்டு வளைந்திருப்பதை அப்பா வெறுங்கண்ணால் பார்த்துவிடுவார்.

அம்மாவுக்கும் இதுதான் வசதி. மேற்கில் பார்த்தலோமே உச்சிக்கு 370க்கு மேல் மரப்படி, இறங்கித்தான் ஆக வேண்டும். தென்கிழக்கில் கடற்கரை அதிகம். புன்டா சுவாரெஸ் ஒன்றுதான் கடினமான நடை, அங்கே மெதுக் குழு பாதிவரை போய்த் திரும்புமா என்று முந்தின இரவே வழிகாட்டியிடம் பேசிவைக்கலாம்.

மாதம் மே. அல்பட்ரோஸ் மார்ச் கடைசியில், ஏப்ரலில் வந்து டிசம்பர்வரை இருக்கும். மே மாதம் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும், கடலும் இன்னும் பொங்க ஆரம்பித்திருக்காது.

---

பனங்கூடல்

மே எண்டால் நல்லது. காசு விசயம் ஒண்டு. பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட்டில இருந்து வெளிநாட்டுப் பெரியாக்களுக்கு 200 டொலர், முந்தி 100ஆ இருந்தது. அதுக்கு மேல பயணக் கட்டுப்பாட்டு அட்டை 20 டொலர். கப்பல் கட்டணத்தில இது பெரும்பாலும் சேராது. கையில காசாக் கொண்டுபோங்கோ.

---

கொங்குநாடன்

நான் தரையில தங்கற கட்சிதான், இப்பவும் அதேதான். இருந்தாலும் பிசியோ அக்கா சொன்ன கணக்குக்கு முன்னாடி என் வாதம் நிக்கலை. ஊர்ல இருந்து கிளம்பற பகல் படகுலயும் ஒரே வழிகாட்டிதானுங்களே, அங்கேயும் இதே சிக்கல்தான் வரும்.

ஒரே ஒரு யோசனை. கப்பல் முடிஞ்சதும் உடனே விமானம் ஏறாதீங்க. சாந்தா குரூஸ்ல ரெண்டு நாள் தங்குங்க. மேட்டுப் பகுதி ஆமைங்களை அப்பா அவசரமில்லாமப் பாக்கட்டும். அங்கே போற வழியெல்லாம் ஃபின்ச்சுங்க வேலியில உக்காந்திருக்கும்.

---

வைகைக்கரை

தென்கிழக்கு, மே மாதம், இரண்டு வழிகாட்டி, நடுத்தளத்துல நடு அறை. அதோட சாந்தா குரூஸ்ல ரெண்டு நாள். முன்பணம் கட்டிட்டேன். படியோட படம் கேட்டு வாங்கினேன், எஞ்சின்_ரூம் சார், சாய்வு பரவாயில்லை, ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு. அம்மா பிசியோகிட்ட போக ஆரம்பிச்சாச்சு. அப்பா மாக்கிங்பேர்ட் படங்களைத் தேடித் தேடி நோட்டுல வரைஞ்சுட்டு இருக்கார்.

கடைசியா ஒண்ணு. அம்மா நடக்கிறப்ப கைத்தடி எடுத்துட்டுப் போலாமா? பூங்காவுல விடுவாங்களா?

---

பிசியோ_அக்கா

விடுவார்கள். முனையில் ரப்பர் தொப்பி இருக்க வேண்டும், வெறும் இரும்பு முனையால் பாதையைக் குத்தக் கூடாது. உதிரியாக ரெண்டு ரப்பர் தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள், லாவாப் பாறையில் சீக்கிரம் தேய்ந்துவிடும், தீவில் தேடி அலைய முடியாது. படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் தடியை முதலில் மாலுமியிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.